கிராபிக்ஸ் கார்டின் நினைவளவும் அதன் பயனும்

தோற்றுவாய்

கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் புகுவார் கடையில் முதற்கண் வினவுவது, "இஃது எத்தனை ஜி.பி.?" என்பதேயாம். விற்பாரும் அவ்வெண்ணையே பெட்டியின் முகப்பிற் பெரிய எழுத்திற் பொறித்து வைத்து, எண் ஏற ஏற விலையும் ஏற்றிக் கூறுவர். நான்கினும் எட்டுச் சிறந்தது, எட்டினும் பதினாறு சிறந்தது என்னும் எண்ணம் இங்ஙனம் எங்கும் வேரூன்றி நிற்கின்றது. அவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது, எவ்விடத்தே பிழைபடுவது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுவாம். விளையாட்டின் பொருட்டும், அசையும் படங்கள் அமைத்தற்பொருட்டும் இக்கார்டுகளை வாங்கும் மாணாக்கர் இன்று பலர். அவர் கொடுக்கும் பணமோ பெரும்பான்மையும் பெற்றோர் உழைத்து ஈட்டியது. ஓர் எண்ணை மட்டும் நம்பி அப்பணத்தைச் செலவிடுதல் தகாது. அன்றியும், புதுவதாய் வந்த பொருளைத் தமிழில் விளங்க எடுத்துரைக்கப் பழகுதல் தமிழ் மாணாக்கர்க்கு உரிய கடன் என்பது எம் துணிபு.

நினைவகம் இன்னதென்பது

திரையிற் காணும் படத்தைக் கணக்கிட்டு வரைந்து தரும் உறுப்பே கிராபிக்ஸ் கார்டு. அதன்கண் தலைமையான பகுதிகள் இரண்டு. ஒன்று, கணக்கிடும் சில்லு. மற்றொன்று, அச்சில்லுக்கு வேண்டுவனவற்றைக் கைக்கெட்டும் அண்மையில் வைத்திருக்கும் நினைவகம். பின்னதனையே வீடியோ நினைவகம் என்பர். கணினிக்குப் பொதுவாக உள்ள நினைவகம் வேறு, இது வேறு.

இந்நினைவகத்தில் இருப்பன யாவை? வரையப்பெறும் படம் ஒன்று. அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் காண்பானுக்கு எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைக் குறிக்கும் ஆழக்கணக்கு ஒன்று. பொருள்களின் வடிவத்தை அமைக்கும் முக்கோணங்களின் பட்டியல் ஒன்று. அவ்வடிவங்களின்மேற் போர்த்தப்படும் டெக்ஸ்சர் என்னும் மேற்பரப்புச் சித்திரங்கள் ஒன்று. சுவரின் செங்கலும், மரத்தின் பட்டையும், ஆடையின் நெசவும் உண்மைபோல் தோன்றுவது இந்த டெக்ஸ்சர்களாலேயே. இந்நான்கனுள் எது மிகுந்த இடங்கொள்வது என்பதை அறிந்தால், நினைவளவைப் பற்றிய வினாவிற் பாதி தெளிவாகும். அதற்கு முன்னைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

முற்காலத்து நிலை

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கணினிக்கு அமைத்த சி.ஜி.ஏ. என்னும் கார்டில் 16 கிலோபைட்டு நினைவகமே இருந்தது. அஃதாவது 16,384 பைட்டு. நெடுக்கில் 320, குத்தில் 200 எனப் புள்ளிகள் அமைந்த நான்கு வண்ணப் படம் ஒன்றுக்கு 16,000 பைட்டு வேண்டும். ஆகவே ஒரு படம் வைத்தபின் எஞ்சியது 384 பைட்டேயாம். நினைவகம் முழுவதும் அப்படத்திற்கே செலவாயிற்று.

1987-ஆம் ஆண்டில் வந்த வி.ஜி.ஏ. கார்டுக்கு 256 கிலோபைட்டு. 640-க்கு 480 என்னும் புள்ளியளவில் 16 வண்ணப் படத்துக்கு 1,53,600 பைட்டு வேண்டும், அஃது அடங்கிற்று. அதே அளவில் 256 வண்ணம் வேண்டுமாயின் 3,07,200 பைட்டு வேண்டும், இருப்பதோ 2,62,144. ஆகவே அஃது அடங்கவில்லை. 256 வண்ணம் விரும்பினார் 320-க்கு 200 என்னும் சிறிய அளவொடு அமைய வேண்டியதாயிற்று. பின்னர் ஒரு மெகாபைட்டு நினைவகமுடைய கார்டுகள் வந்தபொழுது, 1024-க்கு 768 என்னும் அளவிலேயே 256 வண்ணமும் காண இயன்றது.

முப்பரிமாணப் படங்களின் தொடக்கத்தும் இந்நிலையே. 1996-இல் வெளிவந்த 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தாரின் வூடு கார்டின் 4 மெகாபைட்டில் 2 படத்துக்கும், 2 டெக்ஸ்சருக்கும் என வகுக்கப்பட்டிருந்தன. வரைந்துகொண்டிருக்கும் படம், திரையில் நிற்கும் படம், ஆழக்கணக்கு ஆகிய மூன்றுக்கும் புள்ளிக்கு இரண்டு பைட்டு வீதம், 640-க்கு 480 என்னும் அளவில் 18,43,200 பைட்டு ஆகும்; அஃது இரண்டு மெகாபைட்டுள் அடங்கும். 800-க்கு 600 என்னும் அளவில் 28,80,000 ஆகும், அஃது அடங்காது. ஆகவே அப்பெரிய அளவை விரும்பினார் ஆழக்கணக்கை விட்டொழிக்க நேர்ந்தது.

இவற்றால் விளங்குவது யாது? அந்நாளில் நினைவளவே படத்தின் எல்லையாய் இருந்தது. எண் பெருகின் படமும் பெருகிற்று. கண்ணாற் கண்டு அறியத்தக்க பயன் அது. "எண் பெரிதாயின் கார்டும் பெரிது" என்னும் இன்றைய எண்ணம் வெறும் மயக்கத்தில் தோன்றியதன்று. ஒருகால் உண்மையாய் இருந்தது, காரணம் மாறியபின்னும் மாறாது வழங்கி வருகின்றது.

இக்காலத்து நிலை

இப்பொழுது கணக்கு வேறாயிற்று. 1920-க்கு 1080 என்னும் திரையளவில் ஒரு படத்துக்குப் புள்ளிக்கு நான்கு பைட்டு வீதம் 82,94,400 பைட்டு, அஃதாவது ஏறத்தாழ 8 மெகாபைட்டு வேண்டும். 3840-க்கு 2160 என்னும் பெருந்திரையிலும் அஃது 33 மெகாபைட்டே. எட்டு ஜிகாபைட்டுக் கார்டில் இத்தகைய பெரும்படங்கள் 250-க்கு மேல் அடங்கும். ஒளி, நிழல், ஆழம் முதலியவற்றின் பொருட்டுப் படத்தையொத்த பல தாள்களை விளையாட்டுகள் வைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. அவற்றைக் கூட்டினும், நினைவகத்தின் பெரும்பகுதியைக் கொள்வது திரைப்படம் அன்று, டெக்ஸ்சர்களே.

அதனையும் கணக்கிட்டுக் காண்போம். பக்கத்துக்கு 4096 புள்ளியுடைய ஒரு டெக்ஸ்சர், புள்ளிக்கு நான்கு பைட்டாயின் 64 மெகாபைட்டாகும். அதனைப் புள்ளிக்கு ஒரு பைட்டாகச் சுருக்கி வைக்கும் முறைகள் உள. சுருக்கினால் 16 மெகாபைட்டு. தொலைவிற் காண்பதற்கெனப் பாதி, காற்பங்கு என்று படிப்படியாகச் சிறுத்த படிவங்களையும் உடன்வைத்தல் வழக்கம். அவை மூன்றில் ஒருபங்கைக் கூட்டி ஏறத்தாழ 21 மெகாபைட்டாக்கும். ஒரு மேற்பரப்புக்கு நிறம் காட்டுவது ஒன்று, மேடுபள்ளம் காட்டுவது ஒன்று, பளபளப்புக் காட்டுவது ஒன்று என மூன்று வேண்டின் 64 மெகாபைட்டு. நூறு பொருள்கள் நிறைந்த ஒரு காட்சியில் ஒவ்வொன்றும் இத்தகைய மூன்றை உடையதாயின் 6 ஜிகாபைட்டுக்கு மேற்படும். பக்கத்தை 2048 புள்ளியாகக் குறைத்தால் இவ்வளவும் நான்கில் ஒன்றாய்க் குறையும். டெக்ஸ்சர்த் தரத்தை ஒருபடி ஏற்றுதலும் இறக்குதலும் நினைவகத்தை இத்துணைத் தாக்குதற்குக் காரணம் இதுவே.

அளவு வேறு, விரைவு வேறு

இனி, நினைவளவு மிகுந்தால் விரைவும் மிகுமோ என்னும் வினாவுக்கு வருவோம். ஓர் உவமையால் இதனை விளக்குவாம். ஏரியின் கொள்ளளவு ஒன்று. அதன் மதகின் அகலம் ஒன்று. அதன்கீழ் உழவு செய்யும் ஆட்களின் தொகை ஒன்று. ஏரி எத்துணைப் பெரிதாயினும், மதகு குறுகியதாயின் ஒரு நாழிகையில் வயலுக்குச் செல்லும் நீர் சிறிதேயாகும். மதகு அகன்றிருப்பினும், ஆட்கள் இலராயின் நீர் வாளா ஓடும். நினைவளவு ஏரியின் கொள்ளளவை ஒக்கும். நினைவகத்திலிருந்து சில்லுக்கு ஒரு நொடியிற் செல்லும் தரவின் அளவு மதகை ஒக்கும். சில்லின் கணக்கிடும் உறுப்புகள் ஆட்களை ஒக்கும்.

மதகின் அளவை அறிதல் எளிது. நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே உள்ள பாதை எத்தனை பிட் அகலமுடையது என்பதை எட்டால் வகுத்து, ஒவ்வொரு பிட்டும் நொடிக்கு எத்தனை கோடி முறை செல்லும் என்பதாற் பெருக்குக. என்விடியா நிறுவனத்தாரின் ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் 12 ஜிகாபைட்டுக் கார்டுக்குப் பாதை 192 பிட். பிட்டுக்கு நொடிக்கு 1,500 கோடி. ஆகவே நொடிக்கு 360 ஜிகாபைட்டு. ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ. என்னும் கார்டுக்கு நினைவகம் 8 ஜிகாபைட்டே. பாதையோ 256 பிட். பிட்டுக்கு நொடிக்கு 1,400 கோடி. ஆகவே நொடிக்கு 448 ஜிகாபைட்டு. கணக்கிடும் உறுப்புகளும் முன்னதில் 3,584, பின்னதில் 4,864. எட்டு ஜிகாபைட்டுப் போதுமான விளையாட்டுகளில் எல்லாம், நினைவளவிற் குறைந்த பின்னதே விரைவின் மிக்கது. பெட்டியின் மேல் எண்ணை மட்டும் கண்டு தேர்வார் முன்னதையே சிறந்ததென்று கொள்வர்.

அற்றேல், விரைவிற் குறைந்ததற்கு மிகுந்த நினைவகம் வைத்தது என்னை எனின், அதற்கும் விடை உண்டு. நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் பாதையைக் கொள்ளும். 192 பிட் பாதைக்கு ஆறு சில்லு. சில்லுக்கு ஒரு ஜிகாபைட்டாயின் ஆறு, இரண்டாயின் பன்னிரண்டு. இடையே எட்டு என்பதற்கு இடமில்லை. ஆறு குறைவெனக் கண்டவர் பன்னிரண்டே வைத்தல் வேண்டும். பெரிய எண் சில இடங்களிற் கார்டின் தகுதியைக் காட்டாது பாதையின் வகுத்தற் கணக்கையே காட்டுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அளவு ஒத்திருப்பவும் விரைவு வேறுபடுதலுக்கு ஜி.டி. 1030 சான்று. 2017-இல் ஜி.டி.டி.ஆர்.5 என்னும் வகை நினைவகத்தோடு அது வெளிவந்தது. 2018-இல் அதே பெயரால், அதே 2 ஜிகாபைட்டு அளவால், டி.டி.ஆர்.4 வகையோடு மற்றொன்று வந்தது. முன்னதன் விரைவு நொடிக்கு 48 ஜிகாபைட்டு. பின்னதன் விரைவு ஏறத்தாழ 17. பெயரும் ஒன்று, அளவும் ஒன்று. மதகோ மூன்றில் ஒருபங்கு. விளையாட்டுகளிற் பின்னது மிகவும் பின்தங்கியது வியப்பன்று.

அளவு குறைந்தால் நேர்வது

இதுகாறும் கூறியவற்றால் நினைவளவு பொருட்படுத்தத் தக்கதன்று என யாரும் கொள்ளற்க. ஏரியில் நீர் வற்றினால் மதகு அகன்றிருந்து பயன் என்? வேண்டும் பொருள் யாவும் நினைவகத்தில் அடங்காதபொழுது, அடங்காத பகுதி கணினியின் பொது நினைவகத்தில் தங்கும். ஆண்டிருந்து அதனைக் கொணரும் வழி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் பாதை. அஃது எத்துணைக் குறுகியது என்பதை ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. கார்டைக் கொண்டு காண்போம்.

இக்கார்டின் நினைவகம் நொடிக்கு 288 ஜிகாபைட்டு வழங்கும். கணினியோடு இணைக்கும் பாதையோ, நான்காந் தலைமுறைப் பலகையில் ஏறத்தாழ 16. மூன்றாந் தலைமுறைப் பழைய பலகையில் ஏறத்தாழ 8. நொடிக்கு 60 படம் காட்ட வேண்டின் ஒரு படத்துக்குரிய நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அந்நேரத்துள் நினைவகத்திலிருந்து 4.8 ஜிகாபைட்டு வரலாம். வெளிப்பாதையாற் கால் ஜிகாபைட்டே வரலாம். ஆதலின், ஒரு படத்துக்கு உடனே வேண்டும் பொருளில் அரை ஜிகாபைட்டு வெளியே நிற்குமாயின், அப்படம் உரிய நேரத்தில் முடியாது. அடுத்த படம் காலத்தில் வரும். அதற்கடுத்தது மீண்டும் தடைப்படும். காண்பார்க்கு இது சீரான தாமதமாகத் தோன்றாது, விட்டுவிட்டுத் திக்குதலாகத் தோன்றும். சில விளையாட்டுகள் திக்குவதற்கு மாறாகத் தெளிந்த டெக்ஸ்சரை விடுத்து, மங்கிய சிறு படிவத்தையே காட்டிக் காலங்கடத்தும். ஆகவே விரைவை மட்டும் எண்ணாற் கூறுவார் இக்குறையைக் காணாது விடுதலும் கூடும்.

இக்கார்டே நம் வினாவுக்கு நல்லதொரு சோதனையும் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் 8 ஜிகாபைட்டோடு 399 டாலருக்கும், ஜூலை மாதத்தில் 16 ஜிகாபைட்டோடு 499 டாலருக்கும் இஃது வெளிவந்தது. சில்லு ஒன்றே, கணக்கிடும் உறுப்புகள் ஒன்றே, 128 பிட் பாதையும் ஒன்றே. நான்கு நினைவகச் சில்லுக்கு மாறாக எட்டு வைத்து, பாதை ஒன்றுக்கு இரண்டிரண்டாக இணைத்தனர்; ஏரி இரட்டித்தது, மதகு அவ்வாறே நின்றது. விளைவு யாது? எட்டு ஜிகாபைட்டில் அடங்கும் விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விரைவின. நூறு டாலர் மிகுதியாகக் கொடுத்தார்க்கு ஆண்டுக் கண்கூடாய பயன் ஒன்றுமில்லை. எட்டில் அடங்காத விளையாட்டுகளிலோ, சிறியது திக்கப் பெரியது தடையின்றி ஓடிற்று.

அத்தகைய விளையாட்டுகள் உளவோ எனின், உள. 2023 மார்ச்சு மாதம் கணினிக்கு வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ், முதற்பாகம்' என்பதில், 8 ஜிகாபைட்டுக் கார்டு உடையார் டெக்ஸ்சர்த் தரத்தைக் குறைக்க நேர்ந்தது. குறைத்தபின் தோற்றம் மிகவும் மங்கிற்று. பின்னர் வந்த திருத்தங்களால் அக்குறை பெரிதும் தணிந்தது. கார்டு மாறவில்லை, விளையாட்டை அமைத்தோர் நினைவகத்தைச் செட்டாகப் பயன்படுத்தக் கற்றனர். போதுமான அளவு என்பது கார்டை மட்டும் சார்ந்ததன்று, அதன்மேல் ஏற்றப்படும் பொருளையும் சார்ந்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2022-இல் வந்த ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டில் இக்கேடு இரட்டித்துத் தோன்றியது. நினைவகம் 4 ஜிகாபைட்டு. வெளிப்பாதையோ வழக்கமான 16 வழிக்கு மாறாக 4 வழியே. பழைய பலகையில் அது நொடிக்கு ஏறத்தாழ 4 ஜிகாபைட்டே கொணரும். புதிய கணினி வாங்க இயலாது, பழைய பலகையில் மலிவான கார்டை மாட்டுவார்க்கே இக்குறை மிகுதியும் உறுத்தும். பொருள் குறைந்தார்மேற் சுமை மிகுந்தது.

ஒரே பெயரும் வேறு பொருளும்

பலபொருள் ஒருசொல் என இலக்கணத்திற் படிக்கின்றோம். கடைத்தெருவிலும் அது வழங்குகின்றது. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜிகாபைட்டாகவும் 3 ஜிகாபைட்டாகவும் விற்கப்பட்டது. நினைவளவு ஒன்றே வேறுபாடு என எண்ணினார் பலர். உண்மையில் முன்னதற்குக் கணக்கிடும் உறுப்புகள் 1,280, பின்னதற்கு 1,152. ஏரி மட்டுமன்றி ஆட்களும் குறைந்தனர், பெயரிற் குறிப்பில்லை.

இதனினும் பெரிது ஜி.டி.எக்ஸ். 970-இன் செய்தி. 2014-இல் 4 ஜிகாபைட்டு என்று விற்கப்பட்ட இக்கார்டில், 3.5 ஜிகாபைட்டு நொடிக்கு 196 ஜிகாபைட்டு விரைவினதாகவும், எஞ்சிய அரை ஜிகாபைட்டு 28 விரைவினதாகவும் வகுக்கப்பட்டிருந்தமை 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. நான்கு என்னும் எண் பொய்யன்று. ஆயின் நான்கும் ஒருதன்மையன அல்ல. அமெரிக்க நாட்டில் வாங்கினோர் வழக்குத் தொடுத்தனர். 2016-இல் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்க உடன்பாடாயிற்று. எண் மெய்யாய் இருந்தும் பொருள் மறைதல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அறிந்து தேருமாறு

வாங்கப் புகுவார் செய்யத்தக்கது யாது? முதற்கண், தம் திரையின் அளவையும், தாம் ஆடும் விளையாட்டையும், செய்யும் வேலையையும் எண்ணி, அவற்றுக்குப் போதுமான நினைவளவு இன்னதென அறிதல் வேண்டும். போதுமானதினும் குறைந்ததை விலை மலிவெனக் கொள்ளற்க. அப்போதுமான அளவைக் கடந்தபின், எஞ்சிய பணத்தை நினைவகத்தின் வகைக்கும், பாதையின் அகலத்துக்கும், சில்லின் ஆற்றலுக்குமே செலவிடுக. பல்லாண்டு வைத்திருக்க எண்ணுவார் சிறிது மிகுதியாகக் கொள்ளுதல் முறையே. டெக்ஸ்சர்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன.

முன்னரே கார்டு உடையார், விண்டோசின் டாஸ்க் மேனேஜரில் தனி நினைவகம் எவ்வளவு நிரம்பியது, பகிர்வு நினைவகம் எவ்வளவு ஏறியது என்பதைக் காணலாம். தனி நினைவகம் நிரம்பியிருத்தல் மட்டும் குறைவுக்கு அறிகுறியன்று. இடம் இருக்கும்பொழுது விளையாட்டுகள் பிற்பயன் கருதி நிரப்பி வைத்தலும் உண்டு. அது நிரம்ப, பகிர்வு பெருகப் பெருக, திக்குதலும் உடன் தோன்றுமாயின், குறைவென்று துணியலாம். அந்நிலையில் டெக்ஸ்சர்த் தரத்தை ஒருபடி இறக்குக. செலவில்லாத மருந்து அது. மாறாக, இடம் மிகுந்திருப்பார் அத்தரத்தை உயர்த்தினும் விரைவு பெரிதும் குன்றாது. நிழல், ஒளி முதலியவற்றை உயர்த்துதல் சில்லுக்குச் சுமை. டெக்ஸ்சரை உயர்த்துதல் பெரும்பாலும் நினைவகத்துக்கே சுமை.

மடிக்கணினி பலவற்றில் தனிக் கார்டு இல்லை. சில்லு, கணினியின் பொது நினைவகத்திலேயே பங்கு பெறுகின்றது. ஆண்டு அறிக்கையில் எத்தனை ஜிகாபைட்டு எனக் காணினும், அது தனி ஏரியன்று. ஊர்ப் பொதுக்குளத்தில் ஒரு பங்கு. அக்குளத்தின் மதகையே யாவரும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், நினைவளவு விரைவைத் தருவதொன்றன்று என்பதும், குறைந்தவிடத்து விரைவைக் கெடுப்பதொன்று என்பதும் பெறப்பட்டன. வேண்டுமளவு இருக்கும்வரை அதன் இருப்பு உணரப்படாது. குறைந்த நொடியில் அதன் இன்மையே யாவற்றினும் மேலாக உணரப்படும். ஆகலின் "எத்தனை ஜி.பி.?" என்னும் வினா தவறானதன்று, முடியாத வினா. "எதற்கு? எவ்வகை? எத்துணை அகலப் பாதை?" என்னும் மூன்றையும் அதனோடு கூட்டி வினவுவாரே, கொடுத்த பணத்துக்குரிய பயனைப் பெறுவர்.